கோடைப் பிற்பகலில் ஏற மறுக்கும் சிஎச் 701: 80 குதிரைத்திறன் போதாதா?

கேள்வி

வணக்கம். நானே கட்டிய ஜெனித் சிஎச் 701 விமானத்தைக் கொலராடோவின் லாங்மாண்ட் விமானத் தளத்திலிருந்து ஓட்டி வருகிறேன். இஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யுஎல், 80 குதிரைத்திறன். புரொப்பெல்லர் மூன்று இலைகள் கொண்டது, தரையில் நிறுத்தி மட்டுமே பிட்சை, அதாவது இலைகளின் சாய்கோணத்தை, மாற்றக்கூடியது. குளிர்காலத்தில் தனியாகப் பறக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஜூலை மாதப் பிற்பகலில், வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும் வேளையில், இருவர் அமர்ந்து உச்ச எடையான 1,100 பவுண்டை நெருங்கிக் கிளம்பினால், நிமிடத்துக்கு 150 அடி ஏறுவதே பெரும்பாடாக இருக்கிறது. திராட்டிலை (இஞ்சினின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை) முழுவதும் தள்ளியும் ஏற்றத்தின்போது 4,950 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 4,950 சுழற்சிதான்) காட்டுகிறது. எண்ணெயின் வெப்பமும் அழுத்தமும் வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. 100 குதிரைத்திறன் கொண்ட 912 யுஎல்எஸ்ஸை வாங்கி மாட்டிவிடும்படி ஹேங்கரில் பலரும் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் நான் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். லாங்மாண்ட் கடல் மட்டத்திலிருந்து 5,055 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குரிய திட்ட வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். நீங்கள் சொல்லும் 32 டிகிரியில் அடர்த்தி உயரம் (காற்று எந்த உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) 8,200 அடியைத் தாண்டிவிடும். டர்போ இல்லாத இஞ்சின் அந்தக் காற்றில் தன் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கைத்தான் தரும் என்பதால், உங்கள் 80 குதிரைத்திறன் தரையிலேயே 60 ஆகிவிடுகிறது. அந்த 60-ம் 5,800 ஆர்பிஎம்மில் கிடைப்பது. 4,950-இல் சுழலும்போது அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்து 54 அளவில்தான் இருக்கும்.

சிஎச் 701 போன்று மெதுவாக ஏறும் விமானத்தில், புரொப்பெல்லர் அந்த 54-இல் அறுபது சதவீதம் அளவையே உந்துதலாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால் 32 கிடைக்கும். தடித்த இறக்கையும் அதன் முன்விளிம்பில் நிலையாகப் பொருத்திய ஸ்லாட் என்னும் சிறு துணை இறக்கையும் உள்ள இவ்விமானம், உயரம் இழக்காமல் சமமாகப் பறப்பதற்கே 27 அளவுக்குக் கேட்கும் என்பது என் மதிப்பீடு. மிஞ்சுவது ஐந்து குதிரைத்திறன். 1,100 பவுண்டை நிமிடத்துக்கு 100 அடி தூக்குவதற்கு 3.3 குதிரைத்திறன் வேண்டும். ஆகவே 150 அடி என்று நீங்கள் சொன்னது கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

திறன் இருப்பு என்று நாம் சொல்வது இஞ்சினின் தகட்டில் பொறித்திருக்கும் எண் அன்று. சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவதைப் போன்றது அது. அதனால்தான் இஞ்சினில் பத்து சதவீதம் குறைந்தால் ஏற்றத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நிமிடத்துக்கு 100 அடி மட்டுமே ஏற முடிகிற உயரத்தைத்தான் ஒரு விமானத்தின் சேவை உச்சவரம்பு என்கிறோம். ஜூலைப் பிற்பகலில் நீங்கள் ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே அந்த வரம்பின் அருகில் இருக்கிறீர்கள். மலைத்தொடரின் ஓரத்தில் காற்று கீழிறங்கினால் இந்த ஐந்து குதிரைத்திறன் எதற்கும் உதவாது. பிரச்சினை தீரும்வரை பிற்பகலில் இருவராகக் கிளம்ப வேண்டாம்.

பதில் 2

நான் ரோட்டாக்ஸ் இஞ்சின்களைப் பராமரிப்பவன். அந்த 4,950 என்ற எண்தான் என் கண்ணை உறுத்துகிறது. முழு திராட்டிலில் 5,200-க்குக் கீழே தொடர்ந்து ஓட்டுவதைத் தவிர்க்கும்படி ரோட்டாக்ஸே அறிவுறுத்துகிறது. அப்படி ஓட்டினால் இஞ்சின் திணறும், கியர்பெட்டியும் சிலிண்டர்களும் தேவையற்ற சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். எனவே இதை ஏற்றக் குறைவாக மட்டும் பார்க்காதீர்கள்.

ஒளியால் அளக்கும் கருவியைக் கொண்டு ஆர்பிஎம் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு இஞ்சினின் மேலுறையைக் கழற்றி, விமானி அறையில் ஒருவரை உட்காரவைத்து, இஞ்சின் அணைந்திருக்கையில் திராட்டிலை முழுவதும் தள்ளச் சொல்லி, இரண்டு பிங் கார்புரேட்டர்களிலும் (காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் கருவிகள்) திராட்டில் கை அதன் முழுத்திறப்பு நிறுத்தத்தைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அறையில் உள்ள கைப்பிடி கடைசிவரை போய்விட்டதால் கார்புரேட்டரும் முழுவதும் திறந்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது சரியாக இருந்தால் மட்டுமே பிட்சில் கை வையுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் குறையைப் புரொப்பெல்லரால் மூடி மறைத்தது போலாகிவிடும்.

காற்று வடிகட்டிகள் மேலுறைக்குள்ளேயே இருந்தால் இஞ்சின் சூடான காற்றைத்தான் உறிஞ்சும். உள்ளே போகும் காற்று ஐந்தாறு டிகிரி சூடேறினால் ஒரு சதவீதத் திறன் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கார்புரேட்டர் உயரத்துக்கேற்பக் கலவையை ஓரளவு தானே சரிசெய்துகொள்வதால், அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

பதில் 3

இவ்வளவு எதற்கு? டர்போ உள்ள ரோட்டாக்ஸ் 914-ஐப் போட்டுவிட்டால் 8,000 அடிவரை 115 குதிரைத்திறன் குறையாமல் கிடைக்கும்.

பதில் 1

கிடைக்கும், எடையும் விலையும் கூடவே வரும். இஞ்சினை மாற்றுவது பெரிய மாற்றமாகக் கருதப்படும் என்பதால், விமானம் மீண்டும் சோதனைப் பறப்புக் கட்டத்துக்குப் போக வேண்டும். 912 யுஎல்எஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. என் கணக்கின்படி அதே வெயிலில் அது 500 அடிக்குமேல் ஏற்றித் தரும். உயர்ரக பெட்ரோல் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் இப்போதுள்ள அமைப்பில் அதை மாட்டினால், இந்த 80-ஐப் போலவே அந்த 100-ம் முழுமையாகக் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆர்பிஎம் மீட்டரில் பிழை இல்லை. வலப்பக்கக் கார்புரேட்டரின் கை நிறுத்தத்தைத் தொட்டது. இடப்பக்கத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கேபிளின் வெளியுறை அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் சாய்ந்திருந்ததே காரணம். அதைச் சரிசெய்து இரண்டையும் வெற்றிட மானியால் சமப்படுத்திய பின், ஏற்றத்தில் 5,100 வந்தது. அதற்குப் பிறகே மூன்று இலைகளிலும் அரை டிகிரி பிட்சைக் குறைத்தேன். இப்போது ஏற்றத்தில் 5,350, முழு திராட்டிலில் சமமாகப் பறக்கும்போது 5,600. காற்று அசையாத காலைகளில் வெவ்வேறு வேகங்களில் ஒரே உயர இடைவெளியை ஏறிப் பார்த்து, எந்த வேகத்தில் ஏற்றம் மிகுதி என்பதையும் குறித்துக்கொண்டேன். நான் வழக்கமாக வைத்திருந்ததைவிட அது மணிக்கு 5 மைல் குறைவு. முன்பு சொன்ன அதே எடையில், நண்பகலுக்கு முன் 30 டிகிரியில், நிமிடத்துக்கு 250 அடிக்குக் குறையாமல் ஏறுகிறது. இதை வைத்துக்கொண்டு கொலராடோவின் மலைப்பகுதியில் உள்ள லெட்வில் விமான நிலையத்துக்குப் போய்வர முடியுமா?

பதில் 1

இருவராக, கோடையில், வேண்டாம். லெட்வில் 9,934 அடியில் இருக்கிறது. அங்கே 20 டிகிரி என்றாலே அடர்த்தி உயரம் 12,900 அடியை நெருங்கிவிடும், ஏறுவதற்கு மிஞ்சும் உங்கள் திறன் அங்கே சுழியாகிவிடும். குளிர்ந்த விடியற்காலையில், தனியாக, பாதி எரிபொருளோடு போவதைப் பற்றி வேண்டுமானால் உங்கள் பகுதியில் உள்ள ஈஏஏ (சோதனை விமானச் சங்கம்) பறப்பு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பதில் 2

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தப் பிட்ச் லாங்மாண்டின் மெல்லிய காற்றுக்காக வைத்தது. கேன்சஸ் சமவெளிக்கு இறங்கினால் அடர்ந்த காற்றில் இஞ்சின் சற்று அதிகமாகவே சுழலும். 5,500-க்கு மேல் ஐந்து நிமிடம்தான் அனுமதி. 5,800-ஐ எப்போதும் தாண்டக் கூடாது. அங்கே சமமாகப் பறக்கும்போது திராட்டிலைப் பின்னிழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது காந்த அடைப்பானில் (எண்ணெயில் உள்ள உலோகத் துகள்களை ஈர்த்துப் பிடிக்கும் திருகில்) உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 4,950-இல் ஓடிய காலத்தில் கியர்பெட்டி எவ்வளவு பாடுபட்டது என்பதற்கு ஓரளவு தடயம் அங்கே கிடைக்கலாம்.