மறு: லிமிடெட் எடிஷன் பிரிண்ட் – ‘அறுதி ஈடு’ சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

‘லிமிடெட் எடிஷன்’ (இத்தனை படிதான் என்று எண்ணி நிறுத்திவிடும் அச்சு) என்பதற்குத் தமிழில் ‘அறுதி ஈடு’ சரிவருமா என்று கேள்வியைப் போட்டுவிட்டுச் சில நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. அதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதினால் இழை சிக்கிக்கொள்ளும், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறார். எந்த கேலரியோடும் ஒட்டாமல் தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே விற்கிற ஓவியர். ஸ்கிரீன் பிரிண்ட் (பிரேமில் கட்டிய வலை வழியாக மையைத் தள்ளி அடிப்பது), லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அடிப்பது) இரண்டும் செய்வார். சுவரிலும் வரைவார். அவருடைய படங்களைச் சித்தூரில் காட்சிக்கு வைக்கிறோம். (நம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துக்கு யாரும் பஸ் ஏறிவிட வேண்டாம்.) படத்துக்குக் கீழே மலையாளத்திலும் தமிழிலும் பெயர்ச்சீட்டு வைக்க வேண்டும். மலையாளச் சீட்டு முடிந்தது, தமிழ்ச் சீட்டு என் தலையில் விழுந்திருக்கிறது. பிரிண்டுக்கு ‘அச்சோவியம்’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எடிஷனில்தான் இடறுகிறது.

> ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

புழக்கத்தில் இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. செல்போன் விளம்பரத்திலும் பிஸ்கட் பாக்கெட்டிலும்கூட இருக்கிறது, சிக்கலே அதுதான். கடைக்காரர் ‘லிமிடெட் எடிஷன்’ என்றால் சீக்கிரம் வாங்கு என்று அர்த்தம். எத்தனை செய்தார்கள் என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். அச்சோவியத்தில் அந்த எண்ணை அந்தத் தாளிலேயே எழுதியாக வேண்டும். தாளின் அடியில், படம் முடிகிற இடத்துக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி இருக்கும்: இடப்பக்கம் 7/40, நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. மேலே உள்ள 7 எந்தப் படி என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள 40 ஓவியர் கொடுக்கும் வாக்கு. இதற்குமேல் அடிக்கமாட்டேன் என்கிற வாக்கு.

‘பதிப்பு’ என்ற சொல்லை நான் தள்ளுவதும் இதனால்தான். பதி என்ற வேர் அச்சுக்குப் பொருத்தமானது என்று பேராசிரியர் அம்மா எழுதியிருந்தார். வேர் பொருந்தலாம், ஆனால் அந்தச் சொல்லில் புத்தகம் குடியேறிப் பல காலம் ஆகிவிட்டது. புத்தகக்காரருக்கு ‘ஐந்தாம் பதிப்பு’ பெருமை, அட்டையிலேயே போட்டுக்கொள்வார். அச்சோவியருக்கு இரண்டாம் பதிப்பு என்றாலே முதலில் வாங்கியவரை ஏமாற்றியதாகிவிடும். இப்படி நேரெதிரான இரண்டு பொருளை ஒரே சொல்லில் ஏற்றினால் பார்க்க வருபவர் எதை எடுத்துக்கொள்வார்?

> அளவு குறைவாக இருப்பதால்தானே மதிப்பு? ‘அரும்பதிப்பு’ என்று வைத்துவிடலாமே.

இதை ஏற்க எனக்கு மனமில்லை. குறைவு முன்பு பொருளிலேயே இருந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் நேராகக் கீறும் டிரைபாயின்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போன வழியின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பும். அதில் மை தங்குவதால்தான் கோடு மெத்தென்று விழுகிறது. அச்சு உருளையின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு நசுங்கிக்கொண்டே வரும், சில பத்துப் படிகளுக்குள் கோடு வெளிறிவிடும். அங்கே வரம்பு கட்டுவது தகடு. ஸ்கிரீனில் அப்படி ஒன்றும் இல்லை. அதே பிரேமில்தான் ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை ஆயிரக்கணக்கில் அடிக்கிறார்கள். நாற்பதோடு நிறுத்தச் சொல்லி வலை கேட்காது, தம்பிதான் நிறுத்துகிறார். அதனால் நாம் தேடும் சொல் அருமையைச் சொல்லத் தேவையில்லை, முடித்துவிட்டதைச் சொன்னால் போதும்.

நம் கேரளத்திலிருந்தே எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று இருக்கிறது. கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சகம் (கல்லில் வரைந்து அடிக்கும் அச்சகம்) வைத்தார். நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒரு படத்துக்குப் பல கற்கள். லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குப் போனார்கள். பென்சில் எண் கிடையாது, விற்கிற வரைக்கும் அடிக்க வேண்டியதுதான். அதுவும் அச்சோவியம்தான், தரத்தில் தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுக்காத அச்சோவியம், அவ்வளவே. ஆக எடிஷனுக்குப் பொதுவாக ஒரு சொல்லும், அது முடிந்ததா முடியாததா என்று சொல்ல ஓர் அடைமொழியும் வேண்டும்.

பொதுச்சொல்லுக்கு நான் முன்வைப்பது ‘ஈடு’. இட்லி வைக்கிற எல்லோருக்கும் தெரியும்: ‘முதல் ஈடு எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு வெச்சிருக்கேன்.’ எங்கள் எலப்புள்ளிக்குப் பக்கத்து ராமசேரியில் மண்சட்டி மேல் வலை கட்டித் துணி விரித்து மாவு ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைப்பார்கள். ஒரே மாவு, ஒரே தீ, சேர்ந்து இறங்குவது ஓர் ஈடு. அதே மை, அதே தாள், அதே பிரேமில் சேர்ந்து இறங்குகிற தாள்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கணமும் இடிக்கவில்லை. சுடு சூடு ஆனது, கெடு கேடு ஆனது, இடு ஈடு ஆகிறது. வெளியீடு, குறியீடு, மதிப்பீடு எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தாம்.

> ஈடு என்றாலே எங்களுக்கு நம்பிள்ளை ஈடுதான். அதைக் கொண்டுபோய் அச்சடிக்கும் கடையில் வைப்பதா?

சுவாமி கோபிக்கக் கூடாது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரைக்கு ஈடு முப்பத்தாறாயிரப்படி என்றுதானே பெயர்? முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி என்று கணக்கு. ஈடும் படியும் உங்களிடம் எப்போதோ சேர்ந்துவிட்டன, அந்த ஜோடியைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

இதைவிடக் கடினமான தடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதை இதுவரை யாரும் எழுப்பவில்லை. மலையாளத்தில் ஈட் என்றால் கடனுக்குக் கொடுக்கும் ஜாமீன், இல்லாவிட்டால் ஒரு பொருள் நீடித்து உழைப்பது. குறி (மாதச் சீட்டு நிதி) சேர்ந்து பணம் எடுக்கப் போனால் ஈடு என்ன என்று கேட்பார்கள். இங்கே தமிழ் படிப்பவர் எல்லோரும் மலையாளமும் படிப்பவர்கள். படத்தின் கீழே ‘ஈடு’ என்று கண்டால் இது அடகில் இருக்கிற படமோ என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் போகிறார். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. அதனால் சீட்டில் ‘ஈடு’ தனியாக நிற்கக் கூடாது, எண்ணோடும் அடையோடும்தான் வர வேண்டும்.

அடைக்கு ‘அறுதி’. அறுதியாகச் சொல்லிவிட்டான் என்றால் அதற்குமேல் பேச்சில்லை. அறுதிக் கிரயம் என்றால் விற்றவருக்குத் திரும்பப் பாத்தியதை கிடையாது; இங்கே அதையே தீறு என்கிறோம். அளவு, முடிவு இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. லிமிடெட் எடிஷன் ‘அறுதி ஈடு’. ஓப்பன் எடிஷன் ‘அறுதியில்லா ஈடு’.

மற்றவை எளிது. காப்பிக்குப் படி. ஓவியர் தனக்கென்று எண்ணுக்கு வெளியே எடுத்துவைக்கும் ஆர்ட்டிஸ்ட் புரூஃபுக்குத் ‘தன்படி’ (மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம்). இப்படித்தான் வர வேண்டும் என்று ஓவியர் ஒப்புக்கொடுத்த மாதிரித் தாள் ‘ஒப்புப்படி’. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஈடு முடிந்ததும் அச்சைக் கெடுத்துவிட வேண்டும். ஸ்கிரீனென்றால் பூச்சைக் கழுவிவிடுவார்கள், கல்லென்றால் தேய்த்துவிடுவார்கள். தம்பி தன் லினோவில் செதுக்கிய கரும்பனைக் கூட்டத்தின் குறுக்கே உளியால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, அதிலும் ஒரே ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறார். பனைகளை வெட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு கீறல். வாக்கைக் காப்பாற்றியதற்கு அத்தாட்சி அந்தத் தாள். ‘கீறல் படி’ என்று வைத்திருக்கிறேன். காட்சியிலும் அதைத் தொங்கவிடப் போகிறோம்.

அப்புறம் சுவர். ஸ்ட்ரீட் ஆர்ட்டுக்குத் ‘தெருக்கலை’ வேண்டாம், கூத்தும் பறையும் அதில் வந்துவிடும். ‘சுவர்ச்சித்திரம்’ கேரளத்தில் கோவில் சுவரில் ஐந்து நிறத்தில் தீட்டும் பஞ்சவர்ண ஓவியத்துக்குப் பட்டா ஆன சொல். சுவரெழுத்தோ கட்சிக்காரர்களுடையது. தேர்தலுக்கு எவ்வளவோ முன்பே வெள்ளையடித்து மூலையில் ‘புக்ட்’ என்று எழுதிப் போட்டுவிடுகிறார்கள், தம்பிக்குச் சுவர் கிடைப்பதே அதற்குப் பிறகுதான். ‘தெருவோவியம்’ போதும்.

> தம்பி ஒரே ஸ்டென்சிலைச் சுவரிலும் அடிக்கிறார், தாளிலும் அடிக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் சுவரில் அடித்ததும் நாற்பதில் சேருமா?

நல்ல கேள்வி, நாங்களும் இதில் முட்டிக்கொண்டோம். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய தகடு அது, வேலந்தாவளம் சாலையில் ஒரு சுவரிலும் இருக்கிறது. வழக்கப்படி, தாளோ அளவோ மையோ மாறினால் வேறு ஈடு. ஆனால் மாற்றி அடித்ததை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சுவர் எந்த ஈட்டிலும் சேராது என்பது என் கருத்து. எண்ணிட முடியாது, விற்க முடியாது, நாளைக்கே யாராவது வெள்ளையடிக்கலாம். பெயரை மறைத்துத் தெருவில் வரைகிற ஆங்கிலேய ஓவியர் பேங்க்ஸியின் அச்சுகளுக்குச் சான்று வழங்கும் அவருடைய சொந்த அமைப்பும் தெருவில் இருப்பவற்றுக்குச் சான்று தருவதில்லை. நாம் சீட்டில் ‘இதே உரு சுவரிலும் உண்டு’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நேர்மை தீர்ந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

மறு: மறு:

அண்ணா, திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பனியனுக்கு ஸ்கிரீன் அடிக்கிறவன். எங்கள் பட்டறையில் இதற்கு ‘லாட்’ என்போம். ஈடு நன்றாகத்தான் இருக்கிறது, வாயிலும் வருகிறது. ஆனால் ‘அறுதியீடு’ என்று யாராவது சேர்த்து எழுதிவிட்டால்? அறுதியிடுவது என்றால் தீர்மானிப்பது அல்லவா? படத்தின் கீழே தீர்மானம் என்று வந்துவிடும். இன்னொன்று, கெட்டுப்போன தாளை என்ன செய்கிறீர்கள்? ரிஜிஸ்டர் (நிறத்தின்மேல் நிறம் பொருந்தி விழுவது) விலகி இரண்டு மூன்றாவது வீணாகுமே. அதுவும் நாற்பதில் சேர்த்தியா?

---

மறு: மறு: மறு:

தம்பி, சேர்த்து எழுதினால் நீங்கள் சொன்ன குழப்பம் வரும், மறுக்க முடியாது. அதனால் இடம் விட்டு இரண்டு சொல்லாகத்தான். சீட்டு அடிக்கிறவரிடமும் சொல்லிவிட்டேன், சந்தி போட்டுத் திருத்த வேண்டாம் என்று.

வீணான தாளுக்கு எண் கிடையாது. நாற்பது வேண்டுமென்றால் நம் ஓவியர் ஐம்பது தாள் வெட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். நிறம் விலகியதை எல்லாம் அன்றைக்கே கிழித்துவிடுவார். ‘கழிபடி’ என்று வேண்டுமானால் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம், சீட்டில் தேவைப்படாது.

சீட்டு இப்படிப் போகிறது:

கரும்பனைகள். லினோ அச்சோவியம். அறுதி ஈடு, படி 7/40. தன்படி 4. அச்சு கீறப்பட்டது.

‘தன்படி’யைப் பயணப்படி, பஞ்சப்படி வரிசையில் வைத்துப் படிக்கிறார்கள் என்று வீட்டிலேயே சிரிப்பு. வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.