ஆட்டம் முடிந்தும் தூக்கம் வரவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எனக்கு வயது 41. நள்ளிரவுக் கால்பந்து ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன். போன வாரம் பெனால்டி ஷூட் அவுட் நேரம், சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பு 128 என்றது. ஓடியது அவர்கள், மூச்சு வாங்கியது எனக்கு! டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, அட்ரினலின் செய்கிற வேலை என்றார். சரி, அது போகட்டும்.

அணி தோற்றால் இரண்டு நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். காபியை மாலை நான்கு மணியோடு நிறுத்தியும் பார்த்தேன். விடியும்வரை அந்தத் தவறிய பெனால்டிதான் கண்ணுக்குள் ஓடுகிறது.

"பார்க்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நடக்காது. ஆட்டம் முடிந்ததும் படபடப்பு அடங்க என்ன செய்கிறீர்கள்? முக்கியமாக, மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்.