‘லை’யா, ‘லே’யா? நோயாளிக் குறிப்பில் தடுமாறுகிறேன்

இரவுப்பணி:
செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. பணி முடிந்து கிளம்பும்போது ஆங்கிலத்தில் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். நேற்று, ஏழாம் படுக்கைக்காரர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார் என்பதற்கு ‘லெய்ட்’ என்று எழுதினேன். மூத்த செவிலியர் அதை அடித்துவிட்டு ‘லே’ என்று திருத்தினார். ‘லே’ நிகழ்காலம் அல்லவா? காய்ச்சல் ஏறியதற்கு ‘ரோஸ்’, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியதற்கு ‘ரெய்ஸ்ட்’ என்றும் மாற்றியிருக்கிறார். யாராவது விளக்குங்கள்.

பழைய ஆசிரியர்:
சரியாகத்தான் திருத்தியிருக்கிறார், அம்மா. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் தானாக ஏறுகிறது, அது ‘ரைஸ்’. தலைமாட்டை நீங்கள் ஏற்றுகிறீர்கள், அது ‘ரெய்ஸ்’. அவராகக் கிடந்தால் ‘லை’, நீங்கள் கிடத்தினால் ‘லே’. உருள், உருட்டு, திரும்பு, திருப்பு என்று தமிழில் இந்த ஜோடிகளுக்குக் குறைவே இல்லை. ஆங்கிலத்தில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

வழுக்குவது இறந்தகாலத்தில். ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’. கிடத்துவதைக் குறிக்கும் சொல்லும் அதே ‘லே’. அதன் இறந்தகாலம்தான் ‘லெய்ட்’. ‘ஃபால்’ என்ற வினையிலும் இதே சிக்கல் உண்டு. விழுந்தான் என்பதற்கு ‘ஃபெல்’. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும் ‘ஃபெல்’. அங்கே தடுமாறாத நீங்கள் இங்கேயும் தடுமாற வேண்டியதில்லை.

இருபது வருட வார்டு:
தங்கையே, இதை அற்பமாக எண்ணாதீர்கள். எங்கள் வார்டில் ஒருவர் கழிவறை வாசலில் விழுந்து கிடந்தார். புதிதாக வந்த பெண், அவர் தரையில் ‘வாஸ் லெய்ட்’ என்று எழுதிவிட்டாள். மறுநாள் காலை, அவரைத் தரையில் கிடத்தியது யார் என்று அவளிடம் கேள்வி எழுந்தது. பாவம், ஓடிப்போய்த் தூக்கியவளே அவள்தான். அன்றிலிருந்து எழுதுமுன் ‘யாரை, எதை’ என்று கேட்டுப் பார்க்கிறேன். விடை கிடைத்தால் ‘லே’, ‘ரெய்ஸ்’. கிடைக்காவிட்டால் ‘லை’, ‘ரைஸ்’.

இரவுப்பணி:
‘யாரை, எதை’ மனத்தில் பதிந்துவிட்டது, அக்கா. ஐயாவிடம் இன்னொன்று: இப்போது படுத்திருக்கிறார் என்றால் ‘லையிங்’தானே? பொய் சொல்வதற்கும் அதுவே அல்லவா?

பழைய ஆசிரியர்:
ஆம், இரண்டுக்கும் ‘லையிங்’தான். இறந்தகாலத்தில் பிரிந்துவிடும்: படுத்தார் ‘லே’, பொய் சொன்னார் ‘லைட்’. குறிப்பில் ‘லையிங் ஆன் ஹிஸ் லெஃப்ட் சைட்’ என்று பக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஐயத்துக்கு இடமிருக்காது.