தூக்கம் கெட்ட மறுநாள் நடையும் தடுமாறுகிறது, கணக்கும் தவறுகிறது: காரணம் வயதா, தூக்கமா?

கேள்வி: கணக்கு டீச்சர்

எனக்கு வயது 72. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படுத்த உடனே தூங்கிவிடுவேன். ஆனால் நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்துவிட்டால் பிறகு விடியும்வரை புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள், நேராக நடந்தால் ஒன்றும் தெரிவதில்லை, திரும்பும்போதுதான் தடுமாற்றம். அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு சட்டென்று திரும்பினால் கால் ஒரு கணம் தாமதமாக வருகிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். பேச்சுக்கொடுத்தபடி யாராவது உடன் நடந்தால் இன்னும் மோசம். மனக்கணக்கும் அதே நாளில்தான் கைவிடுகிறது. 17-ஐ 8-ஆல் பெருக்க, 80-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வருவதற்குள் அந்த 80 நழுவிவிடுகிறது.

வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் வீட்டில். எனக்கு அது ஒப்பவில்லை. வயது ஒரே இரவில் கூடிக் குறைவதில்லையே! நன்றாகத் தூங்கிய மறுநாள் நடையும் கணக்கும் ஒழுங்காக இருக்கின்றன என்றால் காரணம் தூக்கத்தில்தானே இருக்க வேண்டும்? பக்கத்து வீட்டு அம்மா தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: நடைப்பயிற்சியாளர்

அம்மா, நான் முதியவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவன். உங்கள் தர்க்கம் சரி. கண், உள்காது, பாதமும் மூட்டும் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துத்தான் நம்மை நிமிர்த்தி வைக்கிறது. திரும்பும்போது மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. தூக்கம் குறைந்த மூளை அந்த மாற்றத்தைக் கணக்கிடத் தாமதிக்கிறது. இரவு முழுக்க விழித்தவர்களை உணரிகள் பொருத்திய மேடையில் நிற்கவைத்துப் பார்த்தால் உடலின் ஆட்டம் கூடுவது தெரியும். இளைஞர்களிடமும் இது தெரியும். அவர்களுக்குச் சமாளிக்கத் தசைவலு இருக்கிறது, அவ்வளவுதான்.

பேசிக்கொண்டே நடப்பதைப் பற்றிச் சொன்னீர்களே, அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இளமையில் நடை தானாக நடக்கிறது. வயது கூடக் கூட அது கவனத்தைக் கேட்கிறது. அதே கவனம்தான் உங்கள் 80-ஐயும் பிடித்துவைத்திருக்க வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிக்கு இரண்டு வேலையும் சேர்ந்து வருகிறது. தூக்கமின்மையில் முதலில் சோர்ந்துபோகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பேச்சு வந்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையில் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல்களைத் தொடும்படி, பிடிமானத்துக்கு அருகில், ஆள் துணையோடு நின்று பாருங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்வோம். நன்றாகத் தூங்கிய நாளிலும் தூங்காத நாளிலும் செய்து குறித்துவையுங்கள்.

பதில்: மருந்துக்கடைக்காரர்

அந்தப் பாதி மாத்திரை வேண்டாம் அம்மா. கால் மாத்திரையும் வேண்டாம். என்ன மருந்து என்று நீங்கள் சொல்லவில்லை. டயஸிபாம் வகையாக இருந்தால் முதியவர் உடலைவிட்டு நீங்கப் பல நாட்கள் ஆகும். அடுத்த நாள் மாத்திரை போடும்போது முந்தைய நாளுடையது இரத்தத்தில் மிச்சமிருக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மனக்குழப்பம் இரண்டுக்கும் இவை வழி திறக்கின்றன. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதன்முதலில் வந்தது. டயஸிபாம், சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை இரண்டும் இப்போது அதில் உண்டு. தூக்கம் வரும் என்று சிலர் போடும் பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் உண்டு. மருந்து விற்பவனே இதைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா நெடுநாளாகப் போடுகிறார் என்றால் அவரைத் திடீரென நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீடித்த தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரையன்று, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே அதில் பாதி.

இன்னொன்று: இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்திருக்கிறதா? எந்த வேளையில் போடுகிறீர்கள்?

பதில்: கோதை

அக்கா, குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். என் கணவருக்குக் குறட்டை நடுவில் மூச்சே நின்று, பிறகு திணறி வரும். காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், பேசவந்த வார்த்தை மறந்துபோவது. மறதிநோயோ என்று பயந்தே போனோம். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை என்று தெரிந்து முகமூடிக் கருவி கொடுத்தார்கள். இப்போது வாதத்தில் அவரை மடக்க முடிவதில்லை.

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. குறட்டை இல்லையாம், கேட்டுவிட்டேன். மாத்திரை அட்டையைப் பார்த்தேன். சிறுநீர் மருந்து கலந்ததுதான், இரவில்தான் போடுகிறேன். நள்ளிரவில் எழுவதும் அதற்காகத்தான். வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கப்போகிறேன், நானாக மாற்றப்போவதில்லை. இருட்டில் எழும்போது லேசாகக் கண் இருட்டுவதையும் சொல்ல வேண்டுமா?

நடைப்பயிற்சியாளர்:

அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் அம்மா. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் மருந்தின் அளவையே அவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை, விழிப்பு வந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, விளக்கைப் போட்ட பிறகு எழுந்திருங்கள்.