வாட்ஸ்அப்பில் வைத்தியம்: டாக்டர் பதில் சொல்லலாமா, கூடாதா?

கொங்கு_ஜிபி:
ஒரு சின்ன ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். "வாட்ஸ்அப்பில் மருந்து கேட்க வேண்டாம்" என்று கிளினிக் வாசலில் ஒட்டிவிட்டேன். ஊரில் பலருக்குக் கோபம். ஆனால் என் போனுக்கு என்னவெல்லாம் வருகிறது தெரியுமா? டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடிப்போன தோல் அரிப்புப் படம். பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். "சார், அம்மாவுக்கு மறுபடியும் அதே மாதிரி இருக்கு" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எந்த அம்மா, எந்த மாதிரி? வயிற்றை அழுத்திப் பார்க்காமல் வாயுவா அப்பெண்டிக்ஸா என்று எப்படிச் சொல்வது? டிஜிட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீட்டு எழுதுவதே கம்ப்யூட்டரில்தான். ஆனால் ஆளைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன்.

வெளியூர்_மகள்:
டாக்டர், என் பெற்றோர் தென்காசிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். நான் சென்னையில். அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். "இதே மாத்திரையைத் தொடரலாமா" என்று கேட்க பஸ் ஏறி, டோக்கன் போட்டு, அரை நாள் உட்கார்ந்து, கடைசியில் அதே மாத்திரையோடு வருகிறார். இதை போனில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? உங்கள் அறிவிப்பால் பொழுதுபோகாமல் படம் அனுப்புகிறவர்கள் நிற்கப் போவதில்லை. நடக்க முடியாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அதோடு, தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்காக மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று கொண்டுவந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறை வாட்ஸ்அப்பைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. நேரில் பார்த்த நோயாளிக்குத் தொடர் மருந்து எழுதலாம், கட்டணமும் வாங்கலாம். சட்டமே சரி என்று சொல்வதை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

கொங்கு_ஜிபி:
அந்த நெறிமுறையை முழுதாகப் படியுங்கள் சகோதரி. நேரில் பார்த்து 6 மாதத்துக்குள், அதே நோய்க்கு என்றால்தான் அது தொடர் ஆலோசனை. புதிய அறிகுறி வந்துவிட்டால் அது புதிய கேஸ். ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்தும் எழுதவே கூடாது. சீட்டில் என் பதிவு எண் இருக்க வேண்டும். பேசியதற்கும் எழுதியதற்கும் நான் பதிவு வைத்திருக்க வேண்டும். போன் தொலைந்தால் அந்தப் பதிவுக்கு எங்கே போவது? இப்போதே என் கேலரியில் ஒருவரின் கால் புண்ணும் என் மகளின் பிறந்தநாள் கேக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் தன் புண்ணை என்னை நம்பித்தான் காட்டினார், என் வீட்டுக்கு அல்ல.

மருந்துக்கடை_திருச்சி:
டாக்டர் சொல்வதில் ஒன்று சேர்க்கிறேன். கடைக்கு வந்து போனை நீட்டுகிறார்கள். கையெழுத்துச் சீட்டின் படம், அதுவும் நாலு கை மாறி வந்தது. "மெட்" வரை தெரிகிறது, மீதி மங்கல். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினா, பிரஷருக்கான மெட்டோப்ரோலாலா? கேட்டால், "டாக்டர் அனுப்பியதுதானே, கொடுங்கள்" என்கிறார்கள். தேதி இல்லாத படத்தை வைத்து வருஷக்கணக்கில் மாத்திரை வாங்குகிறவர்களும் உண்டு. அச்சடித்த சீட்டாக, பெயர், வயது, தேதி, பதிவு எண்ணோடு வந்தால் போனில் வந்தாலும் எனக்கு நிம்மதி. எங்கள் தலைவலியில் பாதி கையெழுத்தால்தான்.

இதயம்_பிஜி:
சார், மன்னிக்கவும், நீங்கள் சாதாரணக் கேள்வியையும் அவசர நோயையும் ஒன்றாக்குகிறீர்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைபடும் மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். அப்போது போனும் ஈசிஜியும்தான் உயிர். தமிழ்நாட்டில் 2012-க்கும் 2014-க்கும் இடையே இதற்காகவே ஒரு திட்டம் நடத்திப் பார்த்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, ஈசிஜியை மின்னணு வழியில் அனுப்பி, 108 ஆம்புலன்ஸையும் அதில் சேர்த்தார்கள். முடிவு 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 61 சதவீதம் ஆனார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். "ஆளைப் பார்க்காமல் எழுத மாட்டேன்" என்று அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

கொங்கு_ஜிபி:
தம்பி, இதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே ஈசிஜி எடுத்தது யார்? பயிற்சி பெற்ற ஒருவர் ஈசிஜி ஒயர்களைச் சரியான இடத்தில் ஒட்டினார், பிரஷர் பார்த்தார், நோயாளி பக்கத்திலேயே நின்றார். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமத்துப் பார்வை மையங்களிலும் அப்படித்தான். கண்ணைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறார், தூரத்திலிருக்கும் டாக்டர் வீடியோவில் பேசுகிறார். அந்தப் பக்கம் தெரிந்த கை ஒன்று இருந்தால் எவ்வளவு தூரமானாலும் பார்க்கலாம். எனக்கு வருவது வீட்டில் பயந்துபோன ஒருவர் அனுப்பும் படம்.

வெளியூர்_மகள்:
சரி, அந்தக் கை எங்கள் ஊரிலும் இருக்கிறதே! 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார். அவர் எழுதிய அளவை, தேதியோடு, நான் அனுப்பினால் பதில் சொல்வீர்களா?

கொங்கு_ஜிபி:
அதற்குச் சொல்வேன். நான் நேரில் பார்த்த நோயாளியாக இருந்து, புதிதாக எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் கட்டாயம் சொல்வேன். அதற்கென்று தனி எண், தினமும் மதியம் ஒரு மணி நேரம், கிளினிக் கம்ப்யூட்டரில் பதிவு, அச்சடித்த சீட்டு. வாசலில் இருக்கும் அறிவிப்பை அப்படி மாற்றி எழுதலாம்.

வெளியூர்_மகள்:
ஒரு மணி நேரம் போதாது டாக்டர். வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் எங்கே கை ஒழியும்? அப்புறம், ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறினால்?

கொங்கு_ஜிபி:
நேரத்தை மாலைக்கு மாற்றிப் பார்க்கிறேன். மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள், எனக்கு அனுப்பாதீர்கள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன், நீங்கள் நீல டிக் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த அறிவிப்பை ஒட்ட எனக்கு இருந்த முதல் காரணமே அதுதான்.