விட்ஸுக்கு டயர் வாங்குவது: புதுசா, ஜப்பானில் பாவித்ததா?

களுவாஞ்சிகுடி விட்ஸ்:
அண்ணன்மார், என் டொயோட்டா விட்ஸ் காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னால் உள்ளவை பாதிக்கு மேல் இருக்கின்றன. சைஸ் 165/70 ஆர் 14. ஒரு கடையில் ஜப்பானில் பாவித்த டயர் காட்டினார்கள், பள்ளம் ஆழமாகப் புதுசு போலவே இருக்கிறது, விலை பாதி. நாலையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அகலம் கூடிய 175 போடுங்கள், ரோட்டைப் பிடித்து ஓடும் என்கிறார்கள். வழமையாக ஓடுவது பள்ளிக்கூடத்துக்கும் கல்முனைக்கும்தான். ஆனால் மாரிக்குள் மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போக இருக்கிறது, அம்மா அப்பா பிள்ளைகள் எல்லாரும் ஏறுவார்கள். என்ன செய்யலாம்?

கல்முனை டயர்க்காரன்:
தங்கச்சி, பள்ளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நானும் பாவித்த டயர் விற்றவன்தான், அதனால்தான் சொல்கிறேன். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மற்றப் பக்கம் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், எங்கட வெயிலுக்குச் சொல்லவே தேவையில்லை. ஐந்து வருசம் தாண்டினால் வருசா வருசம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்துக்கு மேல் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் கழற்றுங்கள் என்று பெரிய டயர் கம்பனிகளே சொல்கின்றன.

இன்னொரு வில்லங்கம், ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று ஸ்டட்லெஸ் டயர் போடுவார்கள். ரப்பர் மெத்தென்று, ரோட்டில் படும் ரப்பர்க் கட்டைகள் முழுக்க நுண்ணிய வெட்டுகளோடு இருக்கும், பக்கத்தில் ஸ்டட்லெஸ் என்றே எழுதியிருக்கும். குளிருக்குச் செய்த ரப்பர் இங்கே சூட்டில் கெதியாகத் தேயும், மழை ரோட்டில் பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் கூடும். உள்ளே ஒட்டுப் போட்டிருந்தாலும் றிம்மில் ஏற்றிய பிறகு யாருக்கும் தெரியாது.

சைஸில் முதல் இலக்கம் டயரின் அகலம், இரண்டாவது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 175/65 என்றால் டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், போடலாம், ஆனால் தேவையில்லை. 175/70 உயரம் கூட, மீட்டர் காட்டுவதைவிட வேகமாக ஓடுவீர்கள். சைஸுக்குப் பக்கத்தில் 81 என்று இருந்தால் ஒரு டயர் 462 கிலோ தாங்கும், அதைவிடக் குறைந்த இலக்கம் வாங்காதீர்கள்.

ஏறாவூர் வான்:
நானா சொன்னது சரி. புதுசு இரண்டு வாங்கி முன்னுக்குப் போடுங்க, இழுக்கிறதும் திருப்புறதும் முன்சில்லுதானே. பின்னுக்கு என்ன இருந்தாலும் ஓடும்.

மட்டு மோட்டார்:
வெயில் காலத்தில் ஓடும், மாரியில் அல்ல. பின்னால் இருப்பவற்றை முன்னுக்கு மாற்றி, புதுசு இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். முன்சில்லு தண்ணீரில் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும், காலைத் தளர்த்தினால் பிடி திரும்ப வரும். பின்சில்லு வழுக்கினால் கார் அப்படியே சுற்றிவிடும், பழகிய கைக்கே அதைத் திருப்பி எடுப்பது கஷ்டம். மகியங்கனை ரோட்டில் பதினெட்டு வளைவு என்கிற மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் அடித்தால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகும், அதில் மழையும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், பழையது எப்படித் தேய்ந்திருக்கிறது? உள்விளிம்பு மட்டும் என்றால் பெரும்பாலும் எலைன்மன்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிழை. நடுப்பகுதி என்றால் காற்றுக் கூட, இரண்டு ஓரமும் என்றால் காற்றுக் குறைவு. அதைத் திருத்தாமல் புதுசு பூட்டினால் காசுதான் போகும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் கணக்குக்கே காற்று அடியுங்கள், காலையில் சில்லு சூடேற முதல். அது கிலோபாஸ்கலில் இருக்கும், 230 என்றால் ஏறக்குறைய 33 பவுண்டு. நைட்ரஜன் அடிக்கச் சொல்வார்கள், சும்மா காற்றிலேயே 78 வீதம் அதுதான்.

களுவாஞ்சிகுடி விட்ஸ்:
கடையில் எடுத்த போட்டோவில் இலக்கம் 1916! என் காரில் தேய்ந்திருப்பது உள்பக்கம்தான். புதுசு இரண்டு வாங்குகிறேன், நானா, வேறு என்ன கேட்க வேண்டும்?

கல்முனை டயர்க்காரன்:
புது வால்வும் பலன்சிங்கும் (சில்லின் பாரத்தைச் சமப்படுத்துவது) விலைக்குள்ளா என்று கேளுங்கள், எலைன்மன்டுக்கு வேறு காசு. புது டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள், கடையில் கிடந்து பழசானதும் புதுசு என்றுதான் வரும். கண்டிக்குப் போக முதல் கொஞ்ச நாள் இங்கேயே ஓடுங்கள், மேல்பூச்சுப் போகும்வரை புது டயர் சறுக்கும்.