"மிதிலினி எவ்வளவு தூரம்?" – கிரீஸின் லெஸ்போஸ் தீவுக்குப் போனவர்கள் பகிருங்கள்

கோவைப்பயணி:
2015 ஜூன். நானும் மனைவியும் வாடகைக் காரில் தீவின் வடக்கே மோலிவோஸ் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம். துருக்கியிலிருந்து அகதிகள் வந்த ரப்பர் படகு, ஆரஞ்சு ஜாக்கெட் எல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். மலைச்சாலையில் ஒரு சிரியாக்காரர், தோளில் நாலு வயசுப் பையன். கண்ணாடியை இறக்கியதும் ஒரே கேள்வி: "மிதிலினி எவ்வளவு தூரம்?" அறுபது கிலோமீட்டர் இருக்கும். தீவின் தலைநகர் அதுதான், அகதியாகப் பதிவு செய்ய அங்கேதான் போக வேண்டும். அப்போது பேப்பர் இல்லாதவரை வண்டியில் ஏற்றினால் ஆள்கடத்தல் கேஸ். கார் கொடுத்தவர் சாவியைத் தரும்போதே சொல்லியிருந்தார். "பக்கம்தான்" என்று சொல்லி, இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பின் சீட்டில் ஒரு தர்பூசணி. உருளாமல் இருக்க சீட் பெல்ட் போட்டு வைத்திருந்தோம். பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேன்மொழி77:
தர்பூசணிக்கு இடம் இருந்தது, பையனுக்கு இல்லையா? ஏற்றியிருக்கலாம். வெளிநாட்டுச் சுற்றுலாப்பயணியை என்ன செய்துவிடுவார்கள்?
நான் அக்டோபரில் ஸ்கலா சிகாமினியாஸ் என்ற கரையோர ஊரில் இருந்தேன். ஜூலையிலேயே சட்டம் மாறி, பஸ்ஸும் ஓடியது. கரையேறிய ஒரு அம்மாவின் லைஃப் ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டினோம். உள்ளே டிவி பெட்டியில் வைப்பார்களே, அந்த ஃபோம். பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

மன்னார் ராசு:
தங்கச்சி, இங்கே இருந்து சொல்லுறது சுகம். தம்பியை விடுங்கோ. நானும் 1990இல் படகில் ராமேஸ்வரம் வந்தவன்தான். யாரும் காரில் ஏற்றவில்லை, அதுக்காக ஒருத்தரையும் திட்டவும் இல்லை.
2020 தொடக்கத்தில் தீவிலிருந்த மோரியா அகதி முகாமுக்குப் போனனான். சுமார் 3,000 பேருக்கான இடத்தில் 20,000 பேர் வரை. மிச்சப் பேர் ஒலிவ் தோப்பில் கூடாரம் போட்டிருந்தவை. 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஒப்பந்தம் போட்ட பிறகு தீவை விட்டு லேசில் விடமாட்டினம். சாப்பாட்டு வரிசையில் ஓர் ஆப்கான் பெரியவர் தன் இடத்தில் செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு கூடாரத்துக்குப் போய் வருவார். செப்டம்பரில் முகாம் எரிந்தது. செய்தியில் அந்த வரிசை நின்ற இடத்தைத்தான் தேடினேன்.

சேவகன்:
நான் அங்கே தொண்டனாக ஒரு வாரம் வெங்காயம் உரித்தேன், அவ்வளவுதான். ஆனால் போக நினைப்பவர்களுக்கு: பழைய துணி மூட்டை கட்டாதீர்கள், அங்கே குவிந்து கிடக்கும். ஆண்களுக்கான ஷூ, அதுவும் சின்ன சைஸ், கிடைக்கவே கிடைக்காது. குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். அரபியிலும் பாரசீகத்திலும் பத்து வார்த்தையாவது தெரிந்துகொண்டு போங்கள். தனியாகக் கரைக்கு ஓடிப் படகை இழுக்காதீர்கள், தொண்டர்கள் மேலேயே கேஸ் போட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு குழுவோடு சேருங்கள். குறைந்தது மூன்று வாரம் இருங்கள், ஒரு வாரத்துக்கு வருபவரால் அவர்களுக்கு வேலைதான் கூடும் (என்னையும் சேர்த்துத்தான்). பணமாக அனுப்ப முடிந்தால் அதுவே மேல்.

கோவைப்பயணி:
போகும் வழி யாரும் கேட்கவில்லையே சார். ராசு அண்ணன், நன்றி. தேன்மொழி, நீங்கள் கேட்டது சரிதான். அன்று ராத்திரி மனைவியும் அதையேதான் கேட்டாள். தர்பூசணியை வெட்டவே இல்லை, ரூமிலேயே விட்டுவிட்டு வந்தோம்.